என் பெயரில் வந்துபோனவன்

காப்பியில் சீனி இல்லை. முதல் வாயை நாக்கு ஒன்றும் கேட்காமல் ஏற்றுக்கொண்டது, வீட்டில் தினமும் குடிக்கிற காப்பிதானே என்று. இரண்டாவது வாய் தொண்டையில் இறங்கும்போதுதான் இது என் வீடு இல்லை என்பது உறைத்தது. இது தென்காசி. என் தம்பி மாசிலாமணியின் வீடு. டம்ளரை நீட்டிவிட்டு அடுப்பங்கரைக்குள் போனவள் அவன் பெண்டாட்டி பகவதி. நான் இந்தப் படியேறிப் பன்னிரண்டு வருஷம் இருக்கும். எனக்குச் சர்க்கரை வந்தது அதற்கு வெகுநாள் பிற்பாடு. அப்படியென்றால் இவளுக்கு யார் சொன்னார்கள்? யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள், மறந்திருப்பாள். இத்தனை வருஷம் கழித்துப் புருஷனுடைய அண்ணன் சொல்லாமல் கொள்ளாமல் வாசலில் வந்து நின்றால் யாருக்குமே கை ஓடாது, கால் ஓடாது, அந்தப் பதற்றத்தில் சீனி டப்பாவைத் திறக்க மறந்துபோயிருப்பாள். ஆனால் அவள் பதறவில்லையே. "வாங்க அத்தான், தூத்தல்ல நனைஞ்சியளா, உள்ள வாங்க, அவிய நடக்கப் போயிருக்காவ, இப்ப வந்துருவாவ" என்று, போன வாரம் வந்துபோனவனை அழைப்பது மாதிரி அழைத்தாள். நாற்காலியில் கிடந்த துணிகளை அள்ளிக்கொண்டு, மின்விசிறியைப் போட்டு, குளிருகிறது என்று தானே அணைத்துவிட்டு உள்ளே போனாள். அவ்வளவுதான். சரி, இப்போதெல்லாம் வயசானவர்களுக்குச் சீனி போடாமல்தான் எங்கும் கொடுக்கிறார்கள், பிறகு வேண்டுமா என்று கேட்டுப் போடுகிறார்கள். கேட்கட்டும், போட்டுக்கொள்கிறேன் என்று சொல்லிப் பார்ப்போம். அவள் கேட்கவில்லை. பக்கத்தில் சீனியும் இல்லை, கரண்டியும் இல்லை. காப்பி திட்டமாக இருந்தது. சூடும் எனக்கு வேண்டிய சூடுதான். அதிகம் ஆற்றாமல், அதிகம் கொதிக்காமல். இதை வடிவு கற்றுக்கொள்ளவே நாலைந்து வருஷம் ஆயிற்று.

வடிவு என் பெண்டாட்டி. நேற்றுச் சாயங்காலம் பாளையங்கோட்டையில் எங்கள் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து கொத்தவரங்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். நான் எதிரே உட்கார்ந்து புது வருஷத்துக்கு நான் முடிவு பண்ணியிருப்பதைச் சொன்னேன். காலையில் பூங்காவில் நடக்க வருகிற எங்கள் கூட்டத்தில் ஆளுக்கொரு முடிவு சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தார்கள், ஒருத்தர் ஊறுகாயை விடுகிறேன் என்றார், இன்னொருத்தர் பேரனிடம் மார்க் கேட்க மாட்டேன் என்றார், என் முறை வந்தபோது நான் சும்மா, இனிமேல் யாரிடமும் சத்தம்போட்டுப் பேச மாட்டேன் என்று சொல்லிவைத்தேன். சொன்ன பிறகு அது சும்மா இல்லை என்று பட்டது. வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அதுவே ஓடிற்று. எழுபது ஆகிவிட்டது, இன்னும் எத்தனை நாளைக்கு முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு திரிவது. காலையில் வெந்நீர் குடிப்பது, உப்பைக் குறைப்பது, நடப்பது எல்லாம் உடம்புக்கு. மனசுக்கு ஒன்று வேண்டாமா. அப்படித்தான் மாசிலாமணியைப் போய்ப் பார்ப்பது என்பது வரைக்கும் வந்து சேர்ந்தேன். இதை வடிவிடம் சொல்லும்போது என் குரல் கொஞ்சம் நடுங்கியது, எனக்கே தெரிந்தது. நாளைக்குக் காலையில் தென்காசி போய் மாசிலாமணியைப் பார்த்துட்டு வரலாம்னு இருக்கேன் என்றேன். அவள் அழுதுவிடுவாள் என்று நினைத்தேன். அரிவாள்மனையைக் கிடத்திவிட்டு எழுந்துவந்து என் கையைப் பிடித்துக்கொள்வாள் என்றுகூட நினைத்தேன். அவள் தலையைத் தூக்கவில்லை. காயின் நுனியைக் கிள்ளிப் போட்டபடி, "போயிட்டு வாங்க" என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, "கொடை எடுத்துக்கிடுங்க, அங்க இன்னும் தூத்தல் விடலை" என்றாள். தென்காசியில் தூறுவது இவளுக்கு எப்படித் தெரியும் என்று நேற்று நான் கேட்டுக்கொள்ளவில்லை. மலைப்பக்கம், மார்கழி, தூறத்தான் செய்யும். அவள் ஆச்சரியப்படாததுதான் எனக்கு ஏமாற்றமாக இருந்தது. இவ்வளவு பெரிய காரியத்தை ஒருவன் செய்யப்போகிறேன் என்கிறான், இவள் குடையைப் பற்றிப் பேசுகிறாளே என்று. ராத்திரி கோபம்கூட வந்தது, சத்தம்போடாத வருஷம் இன்னும் பிறக்கவில்லை என்று ஒரு சாக்கும் இருந்தது, ஆனாலும் அடக்கிக்கொண்டேன்.

பஸ் முழுக்கக் கறுப்பு வேட்டிக்காரர்கள், குற்றாலத்துக்குக் குளிக்கப் போகிற ஐயப்பன்மார்கள். ஜன்னலோரம் உட்கார்ந்து நான் தம்பியிடம் சொல்லவேண்டிய வாக்கியத்தைத் தயார் பண்ணிக்கொண்டு வந்தேன். வயசாயிட்டுலே, இனிமே எதுக்கு இதெல்லாம். இவ்வளவுதான் வாக்கியம். ஆலங்குளம் தாண்டுவதற்குள் அதைப் பலவிதமாகச் சொல்லிப் பார்த்துவிட்டேன். தோளில் கை வைத்துச் சொல்வதா, உட்கார்ந்த பிறகு சொல்வதா. மன்னிக்கப் போகிறவனுக்கு ஒரு மிதப்பு உண்டு. எனக்கும் இருந்தது, இல்லையென்று சொல்ல முடியாது. ஏனென்றால் தப்பு அவனுடையது. இன்றைக்கும் சொல்வேன், தப்பு அவனுடையதுதான். அப்போது எனக்கு நாக்பூரில் வேலை. அப்பா போய்விட்டார் என்று தந்தி மாதிரி ஒரு போன் வந்தது, கிடைத்த ரயிலில் நானும் வடிவும் ஏறினோம், வழியில் எங்கோ வெள்ளம், வண்டியைப் பொட்டல்காட்டில் நிறுத்திப்போட்டுவிட்டார்கள். ஒவ்வொரு ஸ்டேஷனிலும் இறங்கிப் போன் போட்டேன். வந்துகிட்டிருக்கேன், வந்துகிட்டிருக்கேன், வச்சிருங்க. மூத்த மகன் நான். கொள்ளி என் கையால்தான் வைக்கவேண்டும். நான் ஆற்றங்கரைக்கு ஓடியபோது புகைதான் இருந்தது. மாசிலாமணி மொட்டைத் தலையோடு எதிரே வந்தான். "ஐஸ் பெட்டி வேலை செய்யலண்ணே, ஒடம்பு தாங்காதுன்னு பெரியவுக எல்லாரும் சொல்லிட்டாவ" என்றான். நான் அவனிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. அன்றைக்கு மூடிய வாய். பதினாறாம் நாள் காரியத்துக்கும் நான் நிற்கவில்லை. திரும்பிப் போகிற ரயிலில் வடிவு என் பக்கத்தில் உட்கார்ந்து, "அவுங்க செஞ்சது தப்புத்தான்" என்றாள். இந்தப் பன்னிரண்டு வருஷத்திலும் நான் அந்த ஒரு வாக்கியத்தின் மேல்தான் உட்கார்ந்திருந்தேன். ஊரில் யார் என்ன சொன்னாலும் என் வீட்டுக்குள் ஒருத்தி என் பக்கம் இருக்கிறாள். கல்யாண வீடுகளில் அவன் ஒரு வரிசையில் உட்கார்ந்தால் நான் அடுத்த பந்திக்குக் காத்திருப்பேன், அவளும் என்னோடு காத்திருப்பாள். பசியோடு காத்திருப்பாள். அதை நான் எவ்வளவு பெரிய விஷயமாக நினைத்திருந்தேன்.

பகவதி தட்டில் இட்லி கொண்டுவந்து ஸ்டூலில் வைத்தாள். வேண்டாம் என்று சொல்ல வாயெடுப்பதற்குள், "நாலுதான் வச்சிருக்கேன், சட்னில உப்பு கம்மி, பயப்படாதிய" என்றாள். பயப்படாதிய. நான் உப்பைக் குறைத்தது தீபாவளிக்குப் பிற்பாடு. எனக்கு இப்போது நிச்சயமாகத் தெரிந்துவிட்டது, தெரிந்தும் நான் இன்னும் தெரியாதவனாகவே உட்கார்ந்திருந்தேன், காலில் முள் ஏறிவிட்டது என்று தெரிந்தும் குனிந்து பார்க்காமல் நடப்போமே அதுமாதிரி. பிறகு நானே குனிந்தேன். ரொம்பச் சாதாரணமாக, இட்லியைப் பிட்டுக்கொண்டே, "வடிவு கடைசியா எப்ப வந்தா?" என்று கேட்டேன். அவள் நின்றபடி விரலை மடக்கி யோசித்தாள். "கார்த்திகைக்கு வந்தாவல்லா. சொக்கப்பனை அன்னைக்கு. நீங்கதானே பஸ் ஏத்திவிட்டிய?" ஆமாம், நான்தான் ஏற்றிவிட்டேன். சங்கரன்கோயிலுக்கு ஒரு நேர்த்திக்கடன் என்றாள் வடிவு. கூட்டத்தில் ஜாக்கிரதை என்று சொல்லி, தண்ணீர் பாட்டில் வாங்கி ஜன்னல் வழியாகக் கொடுத்தேன். பாட்டிலை வாங்கும்போது அவள் என் கையைத் தொட்டுச் சிரித்தாள். அந்தச் சிரிப்பை இப்போது என்ன செய்வது. பகவதி சுவரில் சாய்ந்துகொண்டு பேச ஆரம்பித்தாள். இவ்வளவு நாள் இதைச் சொல்லக் காத்திருந்தவள் மாதிரி, கண் கலங்கி, முந்தானை நுனியை விரலில் சுற்றிக்கொண்டு, "அத்தான், நேர்ல பாக்கும்போது சொல்லணும்னு இருந்தேன். அவியளுக்கு நெஞ்சைத் தொறந்து ஆபரேஷன் பண்ணினப்ப அக்கா மட்டும் வரலேன்னா நான் என்ன ஆயிருப்பேனோ. ஆஸ்பத்திரி வராந்தாவுல என்கூடத் தரையில படுத்துக் கிடந்தாவ. எனக்கு ஒரு வாய் சோறு எறங்கலை, ஊட்டி விட்டாவ. நீங்க அனுப்பி வச்சியளே, நீங்க நல்லா இருக்கணும்" என்று சொல்லிக் கையெடுத்துக் கும்பிட்டாள். கும்பிட்ட கையை நான் பார்த்துக்கொண்டிருந்தேன். மாசிலாமணிக்கு நெஞ்சைத் திறந்து ஆபரேஷன். எப்போது? எங்கே? கேட்க முடியாது. அனுப்பி வைத்தவன் கேட்க மாட்டானே. "ம்" என்றேன். "இருக்கட்டும்மா" என்றேன். இட்லியை மென்றுகொண்டிருந்தேன், அது இட்லிதானா என்று தெரியவில்லை. "மதுரையில அந்த ஆடி மாசத்தை நெனைச்சா இன்னும் ஒறக்கம் வராது" என்று சொல்லிக்கொண்டே அவள் தண்ணீர் எடுக்கப் போனாள்.

மதுரை. ஆடி மாசம். முந்தின வருஷம். அப்போது வடிவு மதுரையில்தான் இருந்தாள், அவள் தங்கச்சி சிவகாமிக்குக் கர்ப்பப்பையை எடுக்கவேண்டும் என்று. பத்து நாளைக்கு மேல். நான் மெஸ்ஸில் சாப்பிட்டேன், அந்த சாம்பார் இப்போதும் நெஞ்சைக் கரிக்கிறது. பொம்பளையாளுக்கான ஆபரேஷன், நான் ஒன்றும் துருவிக் கேட்க மாட்டேன் என்று அவளுக்குத் தெரியும், அதனால்தான் அந்த வியாதியைத் தேர்ந்தெடுத்திருக்கிறாள். இதை அவள் எங்கே உட்கார்ந்து யோசித்திருப்பாள்? குளிக்கும்போதா, என் பக்கத்தில் படுத்துக்கொண்டா? ஆனால் நான் தினமும் போன் பண்ணினேன். சிவகாமி எப்படி இருக்கா என்று கேட்பேன். "இப்பத்தான் உள்ள கொண்டு போயிருக்காங்க" என்றாள் முதல் நாள். "இன்னும் மயக்கம் தெளியலை" என்றாள் ஒருநாள், குரல் உடைந்திருந்தது, தங்கச்சியாச்சே என்று நினைத்துக்கொண்டேன். "கண்ணு முழிச்சாச்சு" என்றாள் மறுநாள். நான் ஈசானியத்தைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டேன். யாருக்காகப் போட்டேன்? "கஞ்சி எறங்கிச்சு." "பிடிச்சுக்கிட்டு நாலு எட்டு வச்சாச்சு." ஒவ்வொன்றுக்கும் நல்லது நல்லது என்றேன். அவள் "கண்ணு முழிச்சாள்" என்று ஒருநாளும் சொல்லவில்லை, இப்போதுதான் தெரிகிறது, முழிச்சாச்சு, எறங்கிச்சு, வச்சாச்சு என்றே பேசியிருக்கிறாள். அந்தமட்டுக்குப் பொய்யைக் குறைத்துக்கொண்டாளாக்கும். அல்லது அந்த நேரத்தில் அவள் வாயில் சிவகாமி என்ற பெயர் வரவில்லையோ. அதற்குப் பிறகு ஒரு கல்யாணத்தில் சிவகாமியைப் பார்த்து, உடம்பு இப்ப எப்படிம்மா இருக்கு என்று நான் அக்கறையாக விசாரித்தேன். அவள் என்னைப் பார்க்காமல் வடிவைப் பார்த்து, "நல்லா இருக்கேன் அத்தான்" என்றாள். அப்படியானால் அவளுக்கும் தெரியும். பெங்களூரில் இருக்கிற என் மகள் இந்துமதிக்கும் தெரிந்திருக்கும், அவள் அந்த ஆடியில் இரண்டு நாள் லீவு போட்டு மதுரைக்கு வந்தாள், சித்தியைப் பார்க்க என்றாள். சித்தியைப் பார்க்க யார் பெங்களூரிலிருந்து விமானத்தில் வருவார்கள்? எல்லாருக்கும் தெரியும். நான் பந்தியில் இடம் மாறி உட்கார்ந்தபோதெல்லாம் எல்லாரும் பார்த்துக்கொண்டுதான் இருந்திருக்கிறார்கள், சின்னப்பிள்ளை கோபித்துக்கொண்டு மூலையில் நிற்பதைப் பெரியவர்கள் பார்த்தும் பார்க்காதமாதிரி இருப்பார்களே அப்படி. சண்டை எப்போதோ முடிந்துவிட்டிருக்கிறது. எனக்கு மட்டும் யாரும் சொல்லவில்லை.

வெளியே தூறல் பெலத்தது. எதிர்வீட்டு வாசலில் கலர்ப்பொடியில் ஹாப்பி நியூ இயர் என்று எழுதியிருந்த கோலம் ஓரத்தில் கரைந்து ஓடிக்கொண்டிருந்தது. எழுந்து போய்விடலாம் என்று தோன்றியது. செருப்பு வாசலில்தான் கிடக்கிறது, குடை நாற்காலிக் கைப்பிடியில் தொங்குகிறது, மாசிலாமணி வருவதற்குள் முக்கு திரும்பிவிடலாம். நேரே வீட்டுக்குப் போய் வடிவின் முன்னால் நின்று கேட்கவேண்டும். என்ன கேட்பது? ஏன் போனாய் என்றா? போனதுகூடப் பெரிசில்லை, போகட்டும், மனுஷன் சாகக் கிடக்கும்போது பார்க்கப் போவது தப்பில்லை. ஏன் என்னிடம் சொல்லவில்லை? சொன்னால் விட்டிருப்பீர்களா என்பாள். விட்டிருப்பேன். விட்டிருப்பேனா? நானே போயிருப்பேன். கண்டிப்பாகப் போயிருப்பேன். அன்றைக்கு ராத்திரியே கார் பிடித்து மதுரைக்கு. இதை எத்தனை தடவை எனக்குள் சொல்லிப் பார்த்தாலும் கார் வாசலில் வந்து நிற்கிறது, நான் ஏறுகிற இடம் மட்டும் தெளிவாக வரமாட்டேன் என்கிறது. அது எனக்குத் தெரியாது, சரி, ஆனால் அவளுக்கு எப்படித் தெரியும்? என்னைக் கேட்காமலே நான் வரமாட்டேன் என்று அவளாக முடிவு பண்ணிவிட்டாள். நாற்பத்தைந்து வருஷம் கூட இருந்தவள் என்னை அவ்வளவுதான் எடைபோட்டாள். அது போகட்டும் என்றால் அடுத்தது வந்து நிற்கிறது. அவன் செத்திருந்தால்? மயக்கம் தெளியாமலே போயிருந்தால் அன்றைக்குச் சாயங்காலப் போனில் அவள் என்னிடம் என்ன சொல்லியிருப்பாள்? சிவகாமி செத்துப்போனாள் என்றா? அப்போதும் நான் ஏதோ ஒரு வண்டி பிடித்து, எங்கேயோ ஒரு கரைக்கு ஓடி, அப்பாவைப் பார்த்தமாதிரி இவனையும் புகையாகத்தான் பார்த்திருப்பேன். முதல் தடவை ரயில் ஏமாற்றியது. இந்தத் தடவை என் கூடப் படுத்து எழுகிறவள். இதற்குமேல் இன்னொன்று. நீங்க அனுப்பி வச்சியளே என்று பகவதி கும்பிட்டாளே. எனக்குத் தெரியாமல் என் பெயரில் ஒருவன் இந்த வீட்டுக்கு வந்துபோய்க்கொண்டிருந்திருக்கிறான். பெண்டாட்டியை ஆஸ்பத்திரிக்கு அனுப்புகிறவன், கார்த்திகைக்குப் பஸ் ஏற்றிவிடுகிறவன், கௌரவத்தால் நேரில் வராவிட்டாலும் உள்ளுக்குள் ஈரம் உள்ளவன். வடிவு அவனைப் பார்த்துப் பார்த்துச் செய்திருக்கிறாள். வேறொருவனோடு குடும்பம் நடத்தியிருந்தால்கூட எனக்கு இவ்வளவு வலித்திருக்காது என்று ஒரு பைத்தியக்கார நினைப்பு வந்தது, உடனே அதைத் துடைத்துப்போட்டேன். ஆனால் அதுதான் உண்மை. அவள் என்னை விட்டுவிட்டு அவனோடுதான் இருந்திருக்கிறாள். வீட்டுக்கு வந்து எனக்குக் கொத்தவரங்காய் வைத்தாள்.

நான் எழுந்து வாசற்படி வரைக்கும் போய்விட்டேன். ஒரு செருப்பில் கால் நுழைந்துவிட்டது. அப்போது தெருமுனையில் ஒரு கிழவன் குடையைச் சாய்த்துப் பிடித்துக்கொண்டு மெதுவாக வந்தான். யாரோ என்றுதான் நினைத்தேன். மாசிலாமணி பள்ளிக்கூடத்தில் ட்ரில் மாஸ்டராக இருந்தவன், வெள்ளை பேண்ட் போட்டுக்கொண்டு நடந்தால் தெரு அதிரும், விசில் இல்லாமலே அவன் குரலுக்குப் பிள்ளைகள் வரிசையில் நிற்கும். இந்த ஆள் ஒரு கையால் நெஞ்சை லேசாக அணைத்தமாதிரி வைத்துக்கொண்டு, பள்ளம் பார்த்துக் கால் வைத்து வந்தான். கழுத்துக்குக் கீழே சட்டைப் பொத்தான் திறந்த இடத்தில் தழும்பின் மேல்முனை தெரிந்தது. என்னைப் பார்த்ததும் நின்றுவிட்டான். குடையைத் தாழ்த்தினான், தலை நனைந்தது. "அண்ணே" என்றான். மூச்சு வாங்கியது. பஸ்ஸில் தயார்பண்ணிய வாக்கியம் ஒன்று இருந்ததே, அது எங்கோ போய்விட்டது. "உள்ள வாலே, நனையுத" என்றேன், என்னவோ அது என் வீடு மாதிரி. அவன் நாற்காலியில் உட்கார்ந்து மூச்சு அடங்கும்வரை என் முழங்கையைப் பிடித்துக்கொண்டிருந்தான். சின்ன வயசில் குற்றால அருவிக்குக் கீழே என்னைப் பிடித்துக்கொண்டு நிற்பானே, அதே பிடி, எலும்புதான் மெலிந்துவிட்டது. உதறிவிட வேண்டும்போலவும் இருந்தது, இருக்கட்டும்போலவும் இருந்தது. "நீங்க வருவியன்னு எனக்குத் தெரியும்ணே" என்றான். "மதினி சொல்லிக்கிட்டேதான் இருந்தாவ, அவிய மனசு எளகி வருது, கொஞ்சம் பொறுத்துக்கிடுங்கன்னு." பிறகு குரலைத் தாழ்த்தி, பகவதிக்குக் கேட்கக்கூடாது என்பதுபோல, "மதுரையில ரெண்டு நாள் எனக்கு ஒண்ணுமே நெனைவில்லை. முழிச்சப்ப பயம்தான் இருந்துச்சு. அப்ப மதினி காதுகிட்ட வந்து, ஒங்க அண்ணன் தெனமும் போன்ல கேக்காவ, இன்னைக்குக்கூடக் கேட்டாவ, தைரியமா இருக்கச் சொன்னாவன்னு சொன்னாவ. நீங்க அப்படிச் சொன்னியளாண்ணே?" என்று கேட்டான்.

தைரியமா இருக்கச் சொல்லு. சொன்னேன். சிவகாமிக்குச் சொன்னேன். மெஸ் வாசலில் நின்று, வாயில் போட்ட பாக்கை ஒதுக்கிக்கொண்டு, போனை வைக்கிற அவசரத்தில், தைரியமா இருக்கச் சொல்லு, வைக்கட்டுமா என்றேன். அதை அந்தப் பாவி எடுத்துக்கொண்டுபோய் இவன் காதில் ஊற்றியிருக்கிறாள். எனக்கு மேலெல்லாம் எரிந்தது. பொய் சொன்னாள், ஒளித்தாள், அதெல்லாம்கூட ஒரு பக்கம், என் வாயிலிருந்து வந்த சொல்லை எனக்கே தெரியாமல் எடுத்துச் செலவழிக்க இவளுக்கு யார் உரிமை கொடுத்தது? இப்போது சொல்லிவிடலாம். எனக்கு ஒன்றுமே தெரியாதுலே, நீ ஆஸ்பத்திரியில் கிடந்ததே இப்போது இட்லி தின்னும்போதுதான் தெரியும், உன் மதினி உன்னையும் ஏமாற்றினாள், என்னையும் ஏமாற்றினாள். சொன்னால் நியாயம் என் பக்கம் வந்துவிடும். நாக்கின் நுனியில்தான் இருந்தது. மாசிலாமணி என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். அவனுக்கு அது வேண்டியிருந்தது. அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டுதான் எழுந்து உட்கார்ந்திருக்கிறான், நாலு எட்டு வைத்திருக்கிறான், இன்றைக்குக் குடையைப் பிடித்துக்கொண்டு தூறலில் நடந்துவிட்டு வந்திருக்கிறான். "சொன்னேன்" என்றேன். "தெனமும் கேட்டேன்." அவன் என் முழங்கையை விட்டுவிட்டு இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டான். இதுதான் இந்த வருஷத்தில் நான் காட்டிய முதல் கருணை, அதுவும் அவள் தைத்துவைத்த சட்டைக்குள் கையை நுழைத்துக் காட்டியது. அவனை நான் கட்டிக்கொள்ளக்கூட இல்லை. மன்னிக்க வந்தவனுக்கு இங்கே வேலையே இல்லை. அவன் கணக்கில் நான் அவனை எப்போதோ மன்னித்தாகிவிட்டது.

உள்ளே போன் அடித்தது. பகவதி எடுத்து, "வந்துட்டாவக்கா, வந்து அவியகூடப் பேசிக்கிட்டிருக்காவ, இந்தா தாரேன்" என்று சிரித்துக்கொண்டே கொண்டுவந்து என் கையில் வைத்தாள். என் போன் என் சட்டைப் பையில்தான் இருந்தது. வடிவு அதற்குக் கூப்பிடவில்லை, இந்த வீட்டுப் போனுக்குத்தான் கூப்பிட்டிருக்கிறாள். காதில் வைத்ததும், "என்னங்க" என்றாள். அந்த ஒரு வார்த்தையிலேயே அவளுக்குத் தெரிந்துவிட்டது என்று எனக்குத் தெரிந்தது, அல்லது காலையிலிருந்தே தெரிந்துகொண்டு அடுப்படியில் நடந்துகொண்டிருந்திருப்பாள், நான் படியேறினதும் எல்லாம் வெளியே வந்துவிடும் என்று தெரிந்துதானே குடையைக் கொடுத்து அனுப்பினாள். மாசிலாமணி முகத்தைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்தான். பகவதி கதவில் சாய்ந்து நின்று பார்த்தாள். "சொல்லு" என்றேன், மெதுவாக. "கோவமா இருக்கியளா?" என்றாள். "இல்லை" என்றேன், அதைவிட மெதுவாக. இத்தனை வருஷத்தில் நான் அவளிடம் இவ்வளவு மெதுவாகப் பேசியது கிடையாது. உப்பு கூடினால் சத்தம், சாவி காணாவிட்டால் சத்தம், என் சத்தத்துக்கு நடுவில் அவளுக்கு எப்போதும் நிற்க ஓர் இடம் இருந்தது, சத்தம் அடங்கிவிடும் என்று அவளுக்குத் தெரியும். இந்த மெதுவில் அவளுக்குப் பிடித்துக்கொள்ள ஒன்றும் இல்லை. "நான் அங்க வரட்டுமா?" என்றாள். "வேண்டாம்." "ஏங்க, நான் சொல்லிரணும்னு ஒவ்வொரு நாளும் நெனைப்பேங்க, நீங்க அந்தப் பேரைக் கேட்டாலே மொகம்…" முடிக்கவில்லை. அழ ஆரம்பித்துவிட்டாள். வாயைப் பொத்திக்கொண்டு அழுகிறது கேட்டது. நான் போனைக் காதோடு அழுத்திக்கொண்டேன், சத்தம் வெளியே வராமல். முகத்தைச் சாதாரணமாக வைத்துக்கொண்டு, "ம்" என்றேன். கொஞ்சம் விட்டு, "சரி" என்றேன். தலையைக்கூட ஆட்டினேன். அவள் அழுதுகொண்டே இருந்தாள். எனக்கு இரங்கவில்லை. ராத்திரி அவள் வைக்கிற சோற்றைத்தான் சாப்பிடப்போகிறேன், அவள் பக்கத்தில்தான் படுக்கப்போகிறேன், யாரிடமும் சத்தம் போடப்போவதில்லை, ஆனால் இனிமேல் அவள் கோயிலுக்குப் போகிறேன் என்றால் கோயிலா என்றும், தூறுகிறது என்றால் எங்கே என்றும் எனக்குள் ஒருத்தன் கேட்டுக்கொண்டே இருப்பான். மாசிலாமணி ஆவலாக முன்னால் சாய்ந்து, "மதினி என்னண்ணே சொல்லுதாவ?" என்று கேட்டான்.

"மத்தியானம் இங்க சாப்பிட்டுட்டுத்தான் வரணுமாம்" என்றேன்.